ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பேய்ப் படம்

ஒரு பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, அது பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் காட்டத் தகுந்ததா இல்லையா என்று எழுதித் தர வேண்டிய வேலை ஒருநாள் என் தலையில் வந்து விழுந்தது. நான் அறிவியல் ஆசிரியை. இருபது வருஷத்துக்கு மேலாக அமிலம், காரம் என்று கத்திக்கொண்டிருப்பவள். பேய்க்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. “அதாலதான் டீச்சர் உங்ககிட்ட குடுக்கறேன்” என்றார் எங்கள் தலைமை ஆசிரியை.

கள்ளக்குறிச்சியில் எங்கள் பள்ளியில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பிள்ளைகளுக்குப் படம் போடுவோம். எல்லாம் நல்ல படங்கள்தான். யாராவது மரம் நடுவார்கள், யாராவது ஓட்டப் பந்தயத்தில் ஜெயிப்பார்கள், கடைசியில் ஊரே நின்று கை தட்டும். பின்வரிசையில் பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மாதம் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. பாழடைந்த பங்களா ஒன்றில் நடக்கிற பேய்ப் படத்தின் பெயரைச் சொல்லி, இந்த முறை அதைத்தான் போட வேண்டும் என்று பணிவோடு கேட்டிருந்தார்கள். கீழே முப்பத்தொரு கையெழுத்து.

தலைமை ஆசிரியை அதைக் கிழித்துப் போடத்தான் எடுத்தார். எழுதியிருந்த கையெழுத்தைப் பார்த்ததும் நான்தான் தடுத்தேன். ‘ழ’வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்துவிடுகிற எழுத்து. முன்வரிசையில் ஜன்னலோரம் உட்காருகிற பெண்ணுடையது. அவள் ஒரு காகிதத்தில் தானாக எதையாவது கேட்டு எழுதியிருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய சேதியாக இருந்தது.

அவள் கருணாபுரத்துப் பிள்ளை. எங்கள் ஊரில் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்துச் செத்துப்போன அந்த ஜூன் மாதத்தில் அவளுடைய அப்பாவும் போனார். தெருவில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பந்தல். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. காரியம் முடிந்ததும் அவள் அம்மா அவளைக் கல்வராயன் மலைக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு மாணவியர் விடுதியில் அவளுடைய சித்தி சமையல் வேலை பார்த்தார். பிள்ளை அரை வருஷம் பள்ளிக்கூடம் பக்கமே போகாமல், சித்தியோடு காய் நறுக்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். நான் பஸ் ஏறிப் போய்ச் சித்தியிடம் சண்டை போட்டு அழைத்துக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது அவள் மலை அடிவாரம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். நான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டதில் பாதி கொண்டை ஊசி வளைவுகளிலேயே போய்விட்டது.

அன்றைக்குப் பேசியதோடு சரி. அதற்குப் பிறகு வருவாள், உட்காருவாள், எழுதுவாள், போவாள். சந்தேகம் என்று ஒருநாள் கை தூக்கியதில்லை. சுற்றுலாவுக்கு வரவில்லை, ஆண்டு விழாவில் நிற்கவில்லை. என்றைக்கு வேண்டுமானாலும் பள்ளியை விட்டு நின்றுவிடுவாள் என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. அப்படிப்பட்டவள் முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். அதைக் கிழித்துப் போட்டால் இனி அவள் எதையும் கேட்கமாட்டாள்.

“சென்சார் சர்டிபிகேட்டு இருக்குதே மேடம். பதிமூணு வயசுக்கு மேல பாக்கலாம்னு போட்டிருக்குது” என்றேன்.

“அது ஊருக்கெல்லாம் சேத்துப் போடறது டீச்சர். நம்ம ஊருப் புள்ளைங்களுக்கு எது ஆவும், எது ஆவாதுன்னு நாமதான் பாக்கணும். நீங்க புள்ளைங்க மனசு தெரிஞ்சவங்க. நீங்களே பாத்து எழுதிக் குடுங்க” என்றார் அவர்.

அந்தப் பாராட்டில் நான் கொஞ்சம் உப்பித்தான் போனேன். அதற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் உதவித்தொகைப் படிவம் நிரப்பும்போது வகுப்பில் சத்தமாக, “உங்கப்பா இன்னா வேலை?” என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவோம். அந்த ஜூனுக்குப் பிறகு அதை நிறுத்த வைத்தவள் நான். ஒவ்வொரு பிள்ளையாக மேசைக்கு வந்து காதில் சொல்லட்டும் என்றேன். நேரமாகிறது என்று மற்ற டீச்சர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் எங்கள் பள்ளியில் அப்படித்தான் நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தியாகதுருகத்தில் என் வீட்டில் படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் போட்டேன்: நிமிஷம், காட்சி, என்ன சங்கடம், என்ன செய்யலாம். என் வீட்டுக்காரர் துணைக்கு உட்காருகிறேன் என்று வந்தார். முதல் கதவு கிறீச்சிட்டதும், “கரும்புக்குத் தண்ணி கட்டணும்” என்று எழுந்தார். “காலையிலதானே கட்டினீங்க, உக்காருங்க” என்றேன்.

கதை இவ்வளவுதான். அப்பா, அம்மா, ஒரு பெண். மலை மேல் பழைய பங்களாவுக்குக் குடி போகிறார்கள். அங்கே முன்பு வாழ்ந்த ஒருத்தி பேயாக இருக்கிறாள். அப்பாவைக் கிணற்றில் தள்ளிவிடுகிறாள். பூசாரி வந்து, இனி செத்தவர் யாரும் உள்ளே வராதபடி நிலைப்படியில் இரும்பு ஆணி அடித்து வேப்பிலை செருகிவிட்டுப் போகிறார். கடைசியில் அந்த அப்பாவே ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறார்.

அறிவியல் டீச்சர் என்றால் சோதித்துப் பார்க்காமல் விடுவேனா? பயமாக இருந்த இடத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பேய், தலைக்கு எண்ணெய் வைக்காத ஒரு பெண்ணாகிவிட்டது. சத்தம்தான் பாதிப் பேய் என்று தெரிந்தது. கிணற்றில் பொங்குகிற ரத்தம் தக்காளி ரசம்போல இருந்தது; விடலாம் என்று எழுதினேன். புருஷனும் பெண்டாட்டியும் முத்தமிட முகத்தைக் கிட்டே கொண்டுவரும்போது விளக்கு அணைந்து பேய் வந்துவிட்டது. அந்தப் பேய்க்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். பங்களாவின் காவல்காரர் குடித்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் பேயையே பெண்டாட்டி என்று நினைத்துக் கையைப் பிடிக்கிறார். என் வீட்டுக்காரர் இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். ‘நகைச்சுவை. பிள்ளைகளுக்குப் பயம் குறையும். விடலாம்’ என்று எழுதினேன்.

அப்பா வாசலில் வந்து நின்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் அந்தப் பெண் பிள்ளை வேப்பிலையைப் பிடுங்கிப் போட்டு, ஆணியைக் கழற்றிக் கதவைத் திறக்கிறாள். எனக்கு முன்வரிசை ஜன்னலோரம்தான் நினைவுக்கு வந்தது. அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை இதை எப்படித் தாங்குவாள்? நடு வகுப்பில் அழுதுவிட்டால் நான் என்ன செய்வேன்? அந்த நான்கு நிமிஷத்துக்கு நேராகச் சிவப்பு மையில், ‘கட்டாயம் தாண்டிவிட வேண்டும்’ என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். ரொம்பப் பொறுப்பான காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பறை ஜன்னல்களை இருட்டாக்கப் பிள்ளைகள் ஆளுக்கொரு சேலை கொண்டுவந்திருந்தார்கள். படம் போடும் நாளில் எங்கள் வழக்கம் அது. அவளும் அவள் அம்மாவின் சேலையைக் கொண்டுவந்து, மேற்குப் பக்க ஜன்னலில் நான்கு முனையையும் இழுத்துக் கட்டினாள். பழுப்புச் சேலை, பச்சைக் கரை. எதிர்வெயில் அடிக்கிற ஜன்னல் அதுதான். கட்டிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்து, படம் தொடங்கியதும் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். “இப்ப பாரேன், அந்தக் கதவு தானா தொறக்கும்.” திறந்தது. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். அவள் சிரித்தாள். அவள் பற்களை நான் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

காவல்காரர் வந்தார். பாட்டிலைக் கவிழ்த்தார். சுவரைத் தடவினார். “ஐயோ, கண்ணு தெரியலையே, கண்ணு தெரியலையே” என்று தடுமாறிக்கொண்டு போனார். முப்பது பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்போது சடாரென்று வகுப்பில் வெயில் அடித்தது. திரை வெளுத்துப்போனது. காவல்காரரின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், அவள் மேற்கு ஜன்னலில் நின்று சேலையின் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏய், இன்னாடி பண்ற? எல்லாரும் பாத்துக்கினு இருக்கறது தெரியல? கேட்டதும் நீ, கெடுக்கறதும் நீயா?” என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சேலையை அவசரமில்லாமல் நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வயிற்று வலியாக இருக்கும் டீச்சர் என்றாள் ஒருத்தி. நானும் அதையே நம்பிக்கொண்டேன். ஜன்னலில் இரண்டு வரைபடத் தாளை ஒட்டி மீதிப் படத்தைப் போட்டேன். அப்பா வாசலில் வந்து நின்றதும், திட்டப்படி நான்கு நிமிஷம் தாண்டிவிட்டேன். “இன்னா டீச்சர், கதவு தொறக்கறதுக்குள்ள விடிஞ்சிடுச்சு!” என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். படம் அவ்வளவுதான் என்று பொய் சொன்னேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் இல்லை. “பேயப் பாத்துப் பயந்திருக்குது புள்ள. நான் மொதல்லயே கிழிக்கறேன்னேன், நீங்கதான் கேக்கல” என்றார் தலைமை ஆசிரியை. பழையபடி மலைக்குச் சித்தியிடம் போய்விட்டாளோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

புதன்கிழமை அந்த வெள்ளைத் தாளைக் கோப்பில் வைக்க எடுத்தேன். எந்தப் பேயைப் பார்த்து எழுந்து போனாள் என்று கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் எழுந்த நேரத்தில் படத்தில் பேயே இல்லை. காவல்காரர்தான் இருந்தார். எதிரே என் கையெழுத்தில், ‘நகைச்சுவை. விடலாம்.’

மலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில் அவள் சொன்னது அப்போதுதான் எனக்குத் திரும்பக் கேட்டது. எலுமிச்சம்பழ வாசனையோடு கேட்டது. “அப்பா காலையில எழுந்ததுலர்ந்து கண்ணு தெரீல, கண்ணு தெரீலன்னு சொல்லிக்கினே இருந்தாரு டீச்சர். செவுத்தத் தடவிக்கினே வாசலுக்குப் போனாரு. இன்னும் போதை தெளியலன்னு எல்லாரும் வுட்டுட்டாங்க.”

எங்கள் ஊரில் அந்த ஜூனில் கண் தெரியவில்லை என்று சொன்ன எத்தனையோ பேரைச் சொந்த வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. வேறு ஊரில் யாராவது இந்தப் படத்துக்கு இப்படித் தாள் எழுதியிருந்தால், அந்த இடத்தில் விடலாம் என்று எழுதியது தப்பே இல்லை. நான் கள்ளக்குறிச்சியில் பாடம் நடத்துகிறவள். உங்கப்பா என்ன வேலை என்று கேட்கக் கூடாது என்று ஊருக்கு உபதேசம் செய்தவள். ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அந்தச் சாராயத்தில் கலந்திருந்த அதே மெத்தனாலைப் பாட்டிலில் காட்டி, இது கண்ணைக் குருடாக்கும் என்று வருஷா வருஷம் சொல்கிறவள். எனக்கே என் மேல் வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மலைக்குப் போகவில்லை என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, “உள்ள வாங்க டீச்சர்” என்றாள்.

நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். “தப்பு என்னுதுதான் கண்ணு. நீ பஸ்ல சொன்னத நான் மறந்துட்டேன். அந்த ஆளு வர்ற எடத்த நான் வெட்டியிருக்கணும். வெட்டாம உன்னையும் திட்டிட்டேன்.”

“நீங்க திட்டனது பரவால்லீங்க டீச்சர். எல்லாரும் சிரிச்சாங்க இல்ல, அதான்.”

“நானும்தாண்டி சிரிச்சேன்.”

அவள் குனிந்து ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்தாள். “அன்னிக்கு நானும் சிரிச்சேங்க டீச்சர். அப்பா வெளாட்டுக்குப் பண்றாருன்னு நெனச்சேன்” என்றாள்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை எனக்குத்தான் வந்தது.

அவளே பேச்சை மாற்றினாள். “அப்பா வந்து நிக்கற எடத்த ஏன் டீச்சர் ஓட்டி வுட்டீங்க? புள்ளைங்க சொன்னாங்க. நான் அதுக்குத்தான் அந்தப் படத்தக் கேட்டதே.”

விஷயம் இதுதான். அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. மலையில் சித்தி வேலை பார்த்த விடுதியில், பெரிய பெண் ஒருத்தி அந்தக் கதையை இவளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். செத்துப்போன அப்பா வருவார், பெண் கதவைத் திறப்பாள், அவர் உள்ளே வந்து உட்கார்ந்து பேசுவார் என்று. என்ன பேசினார் என்று மட்டும் அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் இல்லை.

நான் தலைக்கு மேலே பார்த்தேன். அவர்கள் வீட்டு நிலைப்படியிலும் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. வாடாமல் இருந்தது. வயதாகிச் சாகாமல் அப்படித் திடீரென்று செத்தவர்கள் வீட்டைத் தேடி வருவார்கள் என்று தெருவில் பல வீடுகளில் செருகியிருந்தார்கள்.

“பக்கத்து வூட்டு அத்த வந்து சொருவிட்டுப் போவாங்க. அவுங்க போனதும் நான் புடுங்கிப் போட்டுடுவேன். இது இன்னிக்குத்தான் வெச்சாங்க, இன்னும் எடுக்கல” என்றாள்.

“ஏன் எடுக்கற?”

“அது இருந்தா அப்பா உள்ள வர முடியாதாமே டீச்சர்.”

“வந்தாரா?” என்று கேட்டேன். பேயே இல்லை என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்தான் கேட்டேன்.

“இல்லீங்க. ஒரு தபா கூட வரல.”

நாளைக்கு வா, அந்த இடத்தைப் போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி முழுக்க, வருவாளா மாட்டாளா என்றே இருந்தது.

வியாழக்கிழமை வந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆய்வுக்கூடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஜன்னலில் சேலை எதுவும் கட்டவில்லை. நல்ல வெளிச்சம். முதலில் என் தாளை அவளிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். காவல்காரரின் கட்டத்தில் ‘விடலாம்’ என்பதை அடித்தாள். கீழே இறங்கி, சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் படித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் அழுதுடுவேன்னு பயந்துட்டீங்களா டீச்சர்?”

“ஆமாண்டி” என்றேன். அதையும் அடித்தாள்.

படத்தைப் போட்டேன். திரையில் பெண் பிள்ளை கதவைத் திறந்தாள். அப்பா நனைந்த சட்டையோடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். பெண் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்து, “ரொம்ப வளந்துட்டியே” என்றார். பிறகு விடிந்துவிட்டது, நாற்காலி காலியாக இருந்தது. என் கணக்குப்படி சுமாரான வசனம்தான். பத்துக்கு நான்கு போடலாம்.

அவள் அழவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவுருக்குக் கண்ணு தெரியுது டீச்சர்” என்றாள்.

“ஆமாம், தெரியுது.”

“இன்னொரு தபா போடுங்க.”

பெல் அடித்துவிட்டது. நான் போட்டேன்.